ஆண்டுக்கு ஒருமுறை வாசலுக்கு வருகிறவர்கள்

சனி

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ம்பொம்பேலா வரைக்கும் நெடுஞ்சாலை. அதுவரை சொல்வதற்கு ஒன்றுமில்லை. அங்கிருந்து வடக்கே திரும்பினால் மக்கடேமியா தோப்புகளும் தைலமரக் காடுகளும் தொடங்குகின்றன. ஹேஸிவியூ ஊரை நெருங்கும்போது சாலையின் இரு புறமும் வாழைத் தோட்டங்கள். அதைக் கடந்து சிறிது தூரத்தில் பச்சை சட்டென்று நின்றுவிடுகிறது. பிறகு செம்மண்ணும் முள்மரமும்தான். சாலையை மறித்து நிற்கும் மாடுகள், சரிவெங்கும் நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகள்.

இயற்கை போட்ட எல்லை அல்ல இது. நல்ல நிலமும் நீரும் வெள்ளையர் பண்ணைகளுக்குப் போக, ஷங்கான் மக்களுக்கென்று நிறவெறி அரசு ஒதுக்கித் தந்த கசன்குலு என்ற ‘தாயகம்’ இந்தப் பக்கம் இருந்தது. 1994-ல் அந்த ஏற்பாடு சட்டப்படி ஒழிந்தது. நிலத்தைப் பார்த்தால் இன்றும் எல்லை எது என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

அக்டோபர் வெயில். மழை இன்னும் வரவில்லை. ஊருக்கு ஊர் சாலையோரத்தில் பெரிய வெள்ளைக் கூடாரங்கள் தென்பட்டன. கல்யாணமா என்று கேட்டேன். “இல்லை, அடக்கம்” என்றார் ஓட்டுநர். இங்கே இறந்தவரை மறுநாளே அடக்கம் செய்துவிடுவதில்லை. தொலைதூர நகரங்களில் வேலை பார்க்கும் உறவினர்கள் வந்து சேர வேண்டும். அதனால் அடக்கம் சனிக்கிழமைகளில்தான். “2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரே சனிக்கிழமையில் எங்கள் ஊரிலேயே நான்கு, ஐந்து அடக்கம் நடக்கும். எந்த வீட்டுக்குப் போவது, எந்த வீட்டை விடுவது என்று தெரியாமல் திண்டாடியிருக்கிறோம்” என்றார்.

அவர் நினைவிலிருந்து சொன்னதை எண்ணாகவும் எழுதி வைத்திருக்கும் வட்டாரம் இது. புஷ்பக்ரிட்ஜ் பகுதியில் உள்ள அஜின்கோர்ட்டிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் 1992 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு களப்பணியாளர் போகிறார். சென்ற முறை வந்துபோன பிறகு அந்த வீட்டில் யார் பிறந்தார், யார் இறந்தார், யார் புதிதாக வந்தார், யார் வெளியேறினார் என்று கேட்டுப் பதிகிறார். ஓராண்டு கழித்து மறுபடியும் அதே வீடு, அதே கேள்விகள். தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. மக்கள்தொகையியல் வகுப்புகளில் இந்த ஊரின் வரைகோடுகளைக் கரும்பலகையில் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். ஊரைக் கண்ணால் காண்பது இப்போதுதான்.

ஞாயிறு

அலுவலகம் விடுமுறை. காலையில் தேவாலயப் பாட்டு மூன்று திசைகளிலிருந்தும் கேட்டது. நாள் முழுதும் படிப்பில் போயிற்று. படித்ததில் கொஞ்சம்.

இந்த முயற்சியின் வேரைத் தேடினால் அது 1940-க்குப் போகிறது. நட்டால் மாநிலத்தின் ஃபொலேலா என்ற ஏழைப் பகுதியில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி ஒரு சுகாதார மையம் தொடங்கினார்கள். நோயாளி தேடி வரட்டும் என்று காத்திருக்காமல், சுற்றியுள்ள வீடுகளைக் கணக்கெடுத்து, என்ன சாப்பிடுகிறார்கள், எந்த வயதில் எதனால் சாகிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப மருத்துவம் செய்தார்கள். நிறவெறி ஆட்சி வந்ததும் அந்த வழி மெல்ல மெல்ல அடைக்கப்பட்டது. கார்க் தம்பதி நாட்டை விட்டே போனார்கள்.

விட்டுப்போன அந்த இழையை ஐம்பது ஆண்டுகள் கழித்து இங்கே எடுத்தவர்கள் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் டால்மனும் கேத்லீன் கானும். காலம் முக்கியமானது. மண்டேலா விடுதலையாகிவிட்டார், தேர்தல் வரப்போகிறது, புதிய அரசு கிராமங்களுக்கு மருத்துவம் கொண்டுசேர்க்க வேண்டும். ஆனால் தாயகப் பகுதிகளில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற கணக்குகூட உருப்படியாக இல்லை. இறப்புகளில் பெரும்பங்கு பதிவாகவே இல்லை. 1992-ல் முதல் கணக்கெடுப்பில் 20 கிராமங்களில் சுமார் 57,000 பேரைப் பதிந்தார்கள். இன்று 31 கிராமங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்.

இது தனி முயற்சி அல்ல. செனகலில் நியாகர் என்ற வேளாண் வட்டாரத்தில் 1962 முதல் இப்படிக் கணக்கு வைக்கிறார்கள். கானாவில் நவ்ரோங்கோ, கென்யாவில் கிலிஃபி, தான்சானியாவில் இஃபகாரா என்று வரிசை நீளும். இவை எல்லாம் கூடி 1998-ல் இன்டெப்த் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. நவ்ரோங்கோவில் பூச்சிக்கொல்லி தோய்த்த கொசுவலையைக் கொடுத்துப் பார்த்தபோது சிறு குழந்தைகளின் இறப்பு 17 சதவீதம் குறைந்தது. அப்படி ஒரு கணக்கைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்த மண்ணில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஏற்கெனவே பதிவேட்டில் இருந்ததுதான். ஆப்பிரிக்காவில் பத்து மரணங்களில் ஒன்றுதான் பதிவாகிறது என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மற்ற ஒன்பது பேர் எதனால் இறந்தார்கள் என்ற கேள்வியையே எழுப்ப முடியாது என்றால், எந்த மருந்துக்கு எவ்வளவு பணம் என்று ஓர் அரசு எதை வைத்து முடிவு செய்யும்?

திங்கள்

காலை ஏழரைக்கே களத்துக்குக் கிளம்பிவிட்டோம். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, வீட்டுப் பெண்களும் தண்ணீர் தேடிப் போய்விடுவார்கள். என்னை அழைத்துச் சென்ற களப்பணியாளர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி, பக்கத்துக் கிராமத்துக்காரர். எல்லோரும் அவரை ‘செசி’ என்றே கூப்பிடுகிறார்கள். அக்கா என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கையில் டேப்லட், தோளில் பை, தலையில் அகலத் தொப்பி. புழுதியில் நடந்து நடந்து காலணியின் நிறமே மாறிப்போயிருந்தது.

கம்பி வேலிக்கு வெளியே நின்று “அவுஷெனி” என்று குரல் கொடுத்தார். காலை வணக்கம். உள்ளிருந்து பதில் வந்த பிறகே படலைத் திறந்தார். முற்றம் துடைப்பக் கோடுகள் தெரியப் பெருக்கியிருந்தது. நடுவில் ஒரு பெரிய மருலா மரம் அப்போதுதான் தளிர்விட்டிருந்தது. செங்கல் சுவர் எழுப்பிக் கூரை போடாமல் நிற்கும் ஒரு புதிய வீடு, பக்கத்தில் வட்டக் குடிசை, சுவரோரம் வரிசையாகத் தண்ணீர் கேன்கள், அவற்றை ஏற்றி வரும் ஒற்றைச் சக்கர வண்டி. எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு, வீட்டுப் பாட்டி கோரைப்பாயில் காலை நீட்டி உட்கார்ந்தார். ‘கொக்வானா’ என்று மரியாதையாக விளித்து, நான் யார், எதற்கு வந்திருக்கிறேன், நான் இருப்பதில் சம்மதமா என்று செசி முதலில் கேட்டார். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார். அந்த வீட்டை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே எழுதவில்லை. சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.

திரையில் சென்ற ஆண்டுப் பட்டியல் ஏற்கெனவே இருந்தது. செசி ஒவ்வொரு பெயராக வாசித்தார். இவர் இருக்கிறாரா? இருக்கிறார். இவர்? ஜோகன்னஸ்பர்க்கில் காவலாளி வேலை. கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை மாதம் இங்கே இருந்தார்? கிறிஸ்துமஸுக்கு வந்தார், ஈஸ்டருக்கு வந்தார், அவ்வளவுதான். பணம் அனுப்புகிறாரா? அனுப்புகிறார். இந்தக் கூரையில்லாத வீடு யாருடையது? அவன்தான் கட்டுகிறான்.

நம் ஊர் ரேஷன் அட்டைக் கணக்காக இருந்தால் அந்த மகன் பெயரை அடித்துவிட்டிருப்பார்கள். இங்கே அடிப்பதில்லை. ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலும், இதுதான் என் வீடு என்று ஒட்டுறவு வைத்திருப்பவர் தற்காலிகமாக வெளியூர் போனவராகவே பட்டியலில் தொடர்கிறார். ஆரம்பத்திலேயே எடுத்த இந்த முடிவுதான் அஜின்கோர்ட் பதிவேட்டின் உயிர் என்பேன். தாயகங்களை உருவாக்கியதன் நோக்கமே ஆண்களைச் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் கூலிக்கு அனுப்பிவிட்டு, குடும்பத்தை இங்கேயே விட்டுவைப்பதுதான். இருக்கிறவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இந்த மக்களின் வாழ்க்கையில் பாதி கணக்கிலிருந்தே விழுந்திருக்கும். வெளியூர் போனவர்களையும் தொடர்ந்து எண்ணியதால்தான் 2007-ல் ஒரு கொடிய உண்மை வெளியே வந்தது. நகரத்தில் நோயுற்ற தொழிலாளர்கள் இறுதி நாட்களுக்கு ஊர் திரும்புகிறார்கள், பராமரிக்கும் பாரமும் அடக்கச் செலவும் கிராமத்துப் பெண்கள் தலையில் விழுகின்றன என்று அந்த ஆய்வு எண்களோடு காட்டியது.

பட்டியலில் புதிதாக ஒரு குழந்தை. பிறந்த தேதி கேட்டதும் பாட்டி எழுந்து குடிசைக்குள் போய் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். அடையாள அட்டைகள், அடக்கச் செலவுச் சங்கத்தின் ரசீதுகள், முதியோர் உதவித்தொகைத் தாள்கள், எல்லாவற்றுக்கும் அடியில் குழந்தையின் தடுப்பூசிப் புத்தகம். எடை ஏற்றக் கோட்டில் செவிலியர் வைத்த புள்ளிகள். செசி தேதியைப் பார்த்துப் பதிந்துவிட்டு, அடுத்த தடுப்பூசி எப்போது என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அது அவர் வேலைப் பட்டியலில் இல்லாதது.

பட்டியலின் கடைசியில் ஒரு பெயரை வாசிக்காமல் விட்டார். வெளியே வந்ததும் கேட்டேன். அந்தப் பெயருக்குரியவர் பாட்டியின் மகள், பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்தவர். பதிவேட்டிலிருந்து யாரையும் நீக்குவதில்லை, முடிவுத் தேதி மட்டும் சேர்ப்பார்கள். “ஆண்டுதோறும் அந்தப் பெயரை உரக்கச் சொல்லிக் கொக்வானாவை அழவைக்க வேண்டுமா?” என்றார் செசி.

நண்பகலில் அவருடைய வீட்டில் சாப்பாடு. வெள்ளைச் சோள மாவில் கிண்டிய வுஸ்வா, நம் ஊர்க் களியைப் போலக் கையால் உருட்டிச் சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைப் பொடி சேர்த்து வேகவைத்த கீரை. இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்

இன்று நான் பார்க்க விரும்பியதைப் பார்க்க விடவில்லை. விடாதது சரி என்றே நினைக்கிறேன்.

ஒரு வீட்டில் மரணம் பதிவானால், சில மாதங்கள் கழித்துத் தனிப் பயிற்சி பெற்ற ஒருவர் அந்த வீட்டுக்குப் போவார். நோயில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் யாரோ அவரிடம் உட்கார்ந்து, கடைசி நாட்களைப் பற்றிக் கேட்பார். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று சொல்லலாம். உடலை அறுத்துப் பார்க்க மருத்துவமனை இல்லாத இடத்தில் உறவினரின் நினைவே சான்று. தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 1990-களில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் நடந்த சுமார் 80,000 பெரியவர்களின் மரணங்களுக்கு இதே முறையில் காரணம் தேடியிருக்கிறார்கள்.

துக்க வீட்டில் வெளியாள் உட்காரக் கூடாது என்பது இங்குள்ள விதி. அதனால் புதியவர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தேன். ஒருவர் இறந்தவரின் தாயாக நடித்தார், இன்னொருவர் கேள்வி கேட்டார். பேச்சு முழுவதும் ஷங்கான் மக்களின் ஷிட்சொங்கா மொழியில். பக்கத்தில் இருந்தவர் எனக்குக் கிசுகிசுப்பாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்.

முதலில் கேள்வியே இல்லை. “என்ன நடந்தது என்று சொல்லுங்கள்” என்று விட்டுவிட வேண்டும். இருமல் முதலில் வந்ததா, காய்ச்சலா, எத்தனை வாரம், உடல் மெலிந்ததா, வாயில் வெள்ளைப் புண் இருந்ததா, ஒரு பக்கக் கைகால் விழுந்துபோனதா, கடைசியில் மூச்சு வாங்கியதா என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான். எந்த மருத்துவரிடம் போனீர்கள், பாரம்பரிய வைத்தியரிடம் போனீர்களா, வண்டிக்குப் பணம் இருந்ததா என்றும் கேட்பார்கள். ‘பேதி’ என்று சொன்னால் போதாது, ஒரு நாளைக்கு எத்தனை முறை, இரத்தம் கலந்திருந்ததா என்று தெரிய வேண்டும். பயிற்சியாளர் பெண்மணி புதியவர் ஒருவரை நடுவில் நிறுத்தினார். “அம்மா அழுகிறார். நீ அடுத்த கேள்விக்குப் போகிறாய்.” அந்தப் பையன் தலை குனிந்தான். “தண்ணீர் கொடு. காத்திரு. இன்று முடியவில்லை என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்” என்றார்.

நிரப்பிய படிவம் முன்பெல்லாம் இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாகப் போகும். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் ஒரே காரணத்தைச் சொன்னால் அதைப் பதிவார்கள். சொல்லாவிட்டால் மூன்றாமவர் பார்ப்பார். பல ஆண்டு வேலை தேங்கிக் கிடக்கும். ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் இருந்த பீட்டர் பையாஸ் உருவாக்கிய இன்டர்விஏ என்ற கணினி முறை இப்போது அந்த வேலையைச் செய்கிறது. இருமல் இவ்வளவு நாள், மெலிவு, வயது என்ற விடைகளைக் கொண்டு எந்த நோய்க்கு எவ்வளவு சாத்தியம் என்று நிகழ்தகவாகச் சொல்லும். ஒரு தனி மனிதரின் மரணத்தில் அது தவறலாம். ஆயிரக்கணக்கானவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது எந்த நோய் ஏறுகிறது, எது இறங்குகிறது என்ற போக்கு தெரியும். எல்லா ஆண்டும் எல்லா ஊரிலும் ஒரே அளவுகோல் என்பதுதான் இதன் பெரும் பயன்.

தேநீர் நேரத்தில் அந்தப் பயிற்சியாளரிடம் பேசினேன். எய்ட்ஸ் மரணங்கள் உச்சத்தில் இருந்த காலத்தில் இவரே வீடு வீடாகப் போனவர். யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்களாம். காசநோய் என்பார்கள், செய்வினை என்பார்கள், ‘நீண்ட நாள் படுக்கை’ என்பார்கள். “நாங்களும் பெயரைக் கேட்கவில்லை. என்ன பார்த்தீர்கள் என்று மட்டும்தான் கேட்டோம். பார்த்ததைச் சொல்வதில் யாருக்கும் வெட்கமில்லை” என்றார். ஒரே வீட்டுக்கு ஓராண்டில் இரண்டு முறை போக நேர்ந்ததைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. என் குறிப்பேட்டை மூடிவிட்டேன்.

புதன்

அலுவலகத்தில் எண்களோடு ஒரு நாள்.

இந்த ஊர்களின் ஆயுள் வரைகோடு எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் நேற்றைய பேச்சுக்குப் பிறகு அதைப் பார்ப்பது வேறாக இருந்தது. 1992-ல் தொடங்கும்போது இந்த ஊர்களின் சராசரி ஆயுள் ஓரளவு நல்ல நிலையில் இருந்தது. நிறவெறி ஒழிந்து, மருத்துவம் விரிந்து, இன்னும் ஏறியிருக்க வேண்டும். மாறாக, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பெண்களுக்கு 12 ஆண்டும் ஆண்களுக்கு 14 ஆண்டும் ஆயுள் குறைந்துபோனது. செத்தவர்கள் முதியவர்கள் அல்லர். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்களும் அவர்களுடைய கைக்குழந்தைகளும்தான். அந்த ஆண்டுகளில் நாட்டின் உச்சத்தில் இருந்தவர்கள் எச்.ஐ.வி. கிருமிதான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே ஐயம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஆண்டுதோறும் வீட்டுக்கு வீடு மரணத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதிகாரத்தின் மறுப்புக்கு எதிராகச் சாட்சி சொல்ல இந்தப் பதிவேடு போன்றவை இருந்தன என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

2004 முதல் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. கிராமத்து நிலையங்களுக்கு வந்து சேர மேலும் சில ஆண்டுகள். வந்ததும் கோடு திரும்பியது. குவாஸூலு நட்டாலில் சோம்கேலேயில் இதே போல நடக்கும் இன்னொரு பதிவேட்டில் அது மிகத் துல்லியமாகத் தெரிந்தது: 2003-ல் 49.2 ஆக இருந்த பெரியவர்களின் ஆயுள் எதிர்பார்ப்பு, 2011-ல் 60.5. எட்டு ஆண்டில் பதினோரு ஆண்டு ஏற்றம். இந்த மருந்துக்கு இவ்வளவு செலவா என்று கேட்டவர்களுக்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை.

அஜின்கோர்ட்டில் 2010–11-ல் பரிசோதித்தபோது 35 முதல் 39 வயதுள்ளவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 50 வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவருக்கு. முதியவர்களை அதுவரை சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு, விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் எல்லாம் இளைஞர் படம்தான்.

எதிர்பார்த்தது நடக்காத ஆய்வையும் அதே மரியாதையோடு வைத்திருக்கிறார்கள். 2011 முதல் 2015 வரை 2,500-க்கும் மேற்பட்ட பதின்வயதுப் பெண்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு, பள்ளிக்குத் தவறாமல் போனால் மாதம் ஒரு தொகை என்று கொடுத்தார்கள். தொற்று குறையும் என்று நம்பினார்கள். இரு பாதிக்கும் வேறுபாடு இல்லை. காரணம், பணம் வாங்காத பெண்களும் ஏறத்தாழ எல்லோருமே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் தொடர்ந்து பள்ளிக்கு வந்த பெண்களுக்குத் தொற்று குறைவு என்பது அதே தரவில் தெரிந்தது. நம்பிக்கை பொய்த்ததை மறைக்காமல் வெளியிட்டிருக்கிறார்கள்.

மொசாம்பிக் கதையையும் சொல்ல வேண்டும். கிழக்கே க்ருகர் வனவிலங்குப் பூங்கா, அதற்கு அப்பால் எல்லை. 1980-களில் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி, சிங்கமும் யானையும் திரியும் அந்தக் காட்டை நடந்தே கடந்து வந்தவர்கள் ஏராளம். வந்து சேராதவர்களும் உண்டு. இன்று இந்த மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவர்களும் அவர்கள் பிள்ளைகளும். மொழி ஒன்றுதான், ஆனால் காகிதம் இல்லை, நிலம் இல்லை, அரசு உதவித்தொகை நெடுநாள் கிடைக்கவில்லை. அவர்களுடைய குழந்தைகள் பக்கத்து வீட்டுக் குழந்தைகளைவிட அதிகமாக இறந்தார்கள் என்று பதிவேடு காட்டியது.

வியாழன்

சாவது குறைந்தால் முதுமை வரும். இந்த ஊர்களின் இன்றைய செய்தி அது. 2014–15-ல் நாற்பது வயதைக் கடந்த 5,059 பேரைத் தேர்ந்தெடுத்து ஹால்சி என்ற நீண்ட கால ஆய்வைத் தொடங்கினார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி., பலருக்கு இரண்டும் சேர்ந்து. இந்த ஆய்வுக்குப் பத்தாண்டுக்கும் முன்பே, பக்கவாதம் வந்து பிழைத்தவர்களை வீடு வீடாகத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இரத்த அழுத்தம், மாத்திரை எடுத்தவர்கள் மிகச் சிலர்.

கிராமத்துச் சுகாதார நிலையத்தில் காலை நேரம் முழுதும் இருந்தேன். பெஞ்சில் முதிய பெண்கள். ஒருவர் மடியில் பேரக்குழந்தை. அறுபது வயதுக்கு மேல் அரசு தரும் முதியோர் உதவித்தொகைதான் பல வீடுகளில் அடுப்பெரிக்கிறது. அந்தப் பாட்டி படுத்துவிட்டால் வீடே படுத்துவிடும். அவருடைய இரத்த அழுத்தத்தை ஆண்டுதோறும் அளப்பது எதற்கு என்று இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

மாலையில் நிதி பற்றிப் பேச்சு வந்தது. எல்லோர் முகமும் மாறியது. முதுமை ஆய்வுக்கும் எச்.ஐ.வி. ஆய்வுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த பணத்தில் பெரும் பகுதி அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனங்களுடையது. 2025-ல் அமெரிக்கா கையை இழுத்துக்கொண்டபோது நாடு முழுவதும் ஆய்வுகள் ஆட்டம் கண்டன. ஆண்டுக் கணக்கெடுப்புக்கு சப்ரின் என்ற பெயரில் தென்னாப்பிரிக்க அறிவியல் துறையே பணம் தருவது ஆறுதல். இப்படிப்பட்ட பதிவேட்டில் இரண்டு ஆண்டு விட்டுவிட்டால் பிறகு எவ்வளவு பணம் போட்டாலும் மீட்க முடியாது. பிறந்து சில வாரத்தில் இறந்த குழந்தையை இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால் பல வீடுகளில் சொல்லவே மாட்டார்கள். தன் மக்களின் பிறப்பு இறப்பை எண்ணும் செலவை ஒவ்வொரு நாடும் தன் சொந்தக் கையிலிருந்து செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆப்பிரிக்க நாடுகளுக்கு மட்டும் சொல்லவில்லை.

வெள்ளி

மரத்தடியில் ஊர்க்கூட்டம். ஆண்டுதோறும் ஒவ்வொரு கிராமத்துக்கும் அந்த ஆண்டின் கணக்கைத் திருப்பிச் சொல்வதற்கென்றே ஆய்வகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு, முக்கியக் காரணங்கள் எவை, எத்தனை வீட்டில் மின்சாரம், எத்தனை வீட்டில் கழிப்பறை என்று ஷிட்சொங்கா மொழியில் அச்சிட்ட தாள்களைக் கொடுத்தார்கள். தனி வீட்டின் விவரம் எதுவும் அதில் இராது. ஊர்த் தலைவர், ‘இந்துனா’ என்பார்கள், முன்வரிசையில் கண்ணாடியை உயர்த்திப் பிடித்து வாசித்தார். பெண்கள் பாயில், ஆண்கள் நாற்காலியில்.

இரத்த அழுத்தம் பற்றிய பகுதி வரை அமைதி. பின்னால் நின்ற இளைஞர் ஒருவர் கையை உயர்த்தினார். பள்ளி முடித்து வேலை கிடைக்காதவர் என்று பிறகு தெரிந்தது. “நான் பிறந்தது உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. என் அப்பா இறந்ததும் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறீர்கள். ஒவ்வொரு ஆண்டும் இல்லை என்று சொல்கிறோம். தண்ணீர் எங்கே?”

சிலர் கைதட்டினார்கள். எனக்கும் அதே கேள்வி இருந்தது, கேட்கும் உரிமை இல்லை என்று வாயடைத்திருந்தேன். ஆய்வகப் பெண்மணி மழுப்பவில்லை. தண்ணீர் விடுவது எங்கள் கையில் இல்லை என்றார். ஆனால் எந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஆண்டாக என்ற கணக்கு எங்களிடம் இருக்கிறது, அதை உங்கள் பெயரில் அதிகாரிகள் முன் வைக்கும் கூட்டத்துக்கு உங்களில் நான்கு பேர் வர வேண்டும் என்றார். இளைஞர் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். இரண்டாவது பெயர் ஒரு பாட்டியுடையது. நடக்க முடியாது, வண்டி அனுப்பினால் வருகிறேன் என்றார். அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள்.

எண்ணப்படுகிறவர்கள் முப்பது ஆண்டுக்கு மேலாகக் கதவைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அவர்கள் கேள்விக்கு இத்தனை நாள் இந்த அளவுதான் விடை என்பது எனக்கு வலிக்கிறது. இந்தத் தரவை வைத்து உலகெங்கும் பட்டம் வாங்கியவர்கள் பலர். அதை வைத்துப் பாடம் நடத்தியவன் நான்.

கூட்டம் கலைந்ததும் செசியும் மற்றவர்களும் வண்டி நிழலில் நின்று அடுத்த வாரத் திட்டம் பேசினார்கள். ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடுகள் இன்னும் மிச்சம். மழை பிடித்துவிட்டால் சேற்றில் வண்டி இறங்காது. திங்கட்கிழமை ஆறு மணிக்கே புறப்படுவது என்று முடிவானது.